காலடியில் ஒருவர் நிற்கட்டும்

தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் கேஷுவாலிட்டியில் செவிலியராக இருக்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளி வரும்போது உயிருக்குப் போராடுபவர்களைக் கவனிக்கும் ரெட் ஜோன் பகுதியின் கதவு வரை மனைவியின் கை அவர் கையில் இருக்கும். அங்கே பிரித்துவிடுகிறோம். பலருக்கு அதுதான் கடைசித் தொடுகை. நின்றுபோன இதயத்தை நெஞ்சை அமுக்கி மீட்கப் பார்க்கும் சிபிஆர் நடக்கும்போது குடும்பத்தில் ஒருவர், அவர் விரும்பினால், உள்ளே நிற்கலாம் என்பதைத் தமிழ்நாட்டின் எல்லா அவசரப் பிரிவுகளிலும் நடைமுறையாக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டியூட்டி ரூமில் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "மயங்கி விழுவாங்க, அப்புறம் அவங்களையும் பாக்கணும்." "மேல விழுந்து அழுவாங்க, கை வைக்க விடமாட்டாங்க." "செல்போன்ல எடுத்துருவாங்க." எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே பயம்: கடைசியில் அடி நமக்குத்தான். அது வெறும் கற்பனை இல்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில், அரசு மருத்துவமனைக்குள்ளேயே, ஒரு மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். அந்தச் செய்திக்குப் பிறகு இரவு டியூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் முதலில் கண்ணால் தேடுவது பின்பக்கக் கதவைத்தான்.

ஆனால் நான் பார்த்தவரை, சட்டையைப் பிடிக்கிற கை கதவுக்கு வெளியே நின்றவருடையது. அரை மணி நேரம் அவர் பார்த்தது மூடிய கதவு மட்டும். பிறகு ஒரு டாக்டர் வந்து, முடிஞ்சது என்கிறார். அவர் எதை நம்புவார்? 'ரமணா' படம் 2002இல் வந்தது. இறந்துபோனவருக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிப் பணம் கறக்கும் மருத்துவமனைக் காட்சியை நம் ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. ஒரு ரூபாய்கூட பில் போடாத எங்கள் வார்டிலும் "என்ன, ரமணா படம் காட்டுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

உள்ளே நடப்பதோ வேறு. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு, நெஞ்சை அமுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாறுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அட்ரினலின். வயதானவர் என்றால் விலா எலும்பு முறியலாம், சத்தம் கேட்கும். இதைப் போய்ச் சொந்தக்காரர் பார்ப்பதா என்பார்கள். ஒரு கொத்தனாரின் மனைவி பார்த்தார். அன்றைக்கு டியூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டர் அவரை உள்ளே விடச் சொன்னார். தலைமாட்டில் மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக், இரண்டு பக்கமும் ஆட்கள். காலியாக இருப்பது காலடிதான். அங்கே நிறுத்தி, "அக்கா, நெஞ்சை அமுக்குறாங்க, எலும்புச் சத்தம் கேக்கும், பயப்படாதீங்க" என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிமென்ட் காய்ந்து ஒட்டியிருந்த அந்தக் கால் பெருவிரலை அவர் விடவே இல்லை. வியர்த்து ஊற்ற அமுக்கிக்கொண்டிருந்த பையனிடம் கடைசியில் அவரே சொன்னார்: "போதும்யா, அவுகளை விட்டுருங்க." வெளியே கொழுந்தன்மார் குரலை உயர்த்தியபோது அடக்கியதும் அவர்தான்.

ஒரு சம்பவத்தை வைத்து ஊருக்கே விதி எழுத முடியாது. ஆனால் மற்ற நாடுகளில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஜாக்சன் நகர ஃபூட் மருத்துவமனையில் 1982இல் உறவினரை உள்ளே விடலாமா என்ற கேள்வி எழுந்தது. இறந்தவர்களின் உறவினர் 18 பேரிடம் கேட்டார்கள். உள்ளே நின்றிருக்க விரும்பினோம் என்றவர்கள் 13 பேர். பிரான்ஸில் வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் 15 அவசர மருத்துவக் குழுக்கள், 570 உறவினர்களை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. கூட இருக்க அழைக்கப்பட்டவர்களைவிட, அப்படி அழைக்கப்படாதவர்களிடம்தான் மூன்று மாதம் கழித்தும் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகம். சிகிச்சையும் கெடவில்லை, மருத்துவக் குழுவின் மன அழுத்தமும் கூடவில்லை, வழக்கும் வரவில்லை.

பிரான்ஸில் ஒரு வீடு, இங்கே வேன் நிறைய ஊரே வருமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் ஒரே ஒருவர் என்கிறேன். குடித்திருப்பவரோ சண்டைக்கு நிற்பவரோ கூடாது. போன் வெளியே இருப்பவரிடம். எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். வர விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் கூடாது. குழந்தை என்றால், அம்மாவைக் கேட்காமல் கதவை மூடவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. உயிர் போகும்போது வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆள் வேண்டும் என்பது நம் மண்ணின் ஆசை. எங்களில் பலர் உறவினரை உள்ளே விடத் தயங்குவதற்கு இதுவும் காரணம். டியூப் போட்ட வாயில் தண்ணீர் ஊற்றிவிடுவார்களோ என்ற பயம். அமுக்குவது நிற்கும்வரை வாயில் எதுவும் விடக்கூடாது என்று முதலிலேயே சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். டாக்டர் அறிவித்த பிறகு பஞ்சை நனைத்து மகன் கையில் கொடுத்து உதட்டைத் துடைக்கச் சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

உண்மையான தடை ஆள் பற்றாக்குறை. உள்ளே வருபவர் பக்கத்தில் நின்று, நடப்பதைச் சொல்ல ஒருவர் தேவை. நடுராத்திரியில் ஒரு டாக்டரும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும் ஒரு பணியாளரும் மட்டும் இருந்தால் அந்த ஒருவர் யார்? இப்போது உறவினரை உள்ளே விடுவது அன்றைய டியூட்டி டாக்டரின் மனசைப் பொறுத்தது. சுகாதாரத் துறை எழுத்தில் விதி கொடுத்து, ரெட் ஜோன் இரவு ஷிப்டுக்கு ஒரு நர்ஸைக் கூடுதலாகப் போடட்டும். முதலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கட்டும். அங்கே ஆட்களும் இருக்கிறார்கள், கற்றுக்கொள்ள ஹவுஸ் சர்ஜன்களும் இருக்கிறார்கள்.