கேட்டுவிட்டு எடுங்க

லீவு விட்டால் கமராவோடு கொழும்புக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள், 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலை அழகாக எடுத்து வருகிறார்கள். சந்தோசம். ஆனால் அதே புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்பவரின் வியர்த்த முகத்தைக் கேட்காமல் எடுத்து, "உழைப்பு" என்று தலைப்புப் போட்டுப் பகிர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கும், அவர்களிடமும் போன் இருக்கும்.

கொக்கலப் பக்கம் சுற்றுலா போனால், கடலில் கம்பின் மேலிருந்து மீன்பிடிப்பவர் படத்துக்குக் காசு கேட்கிறார் என்று கோபம் வேறு. ஏன் கேட்கக் கூடாது? வெலிகமவில் 1995இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம் உலகமெல்லாம் சுற்றியது. இன்று அந்தக் கம்பில் பலருக்கு மீனைவிடப் படம்தான் வருமானம். விருப்பமில்லாவிட்டால் கடலை மட்டும் எடுத்துவிட்டு வாங்க.

அவராவது வாய்திறந்து கேட்கிறார். புறக்கோட்டையில் வண்டில் இழுப்பவருக்கு, வேண்டாமென்று கையைக் காட்டவும் வழியில்லை. இரண்டு கையும் வண்டிலில்.