ஆள் பத்தலையா, ஆசை அதிகமா?

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து வந்த ஒரு தம்பி பேச்சுவாக்குல சொன்னார்: "கோல்ஃப் மைதானத்துல புல் வெட்டக்கூட ஆள் கிடைக்கலைங்கண்ணா. கிராமத்து ஜனங்க நூறு நாள் வேலைக்குப் பழகி சோம்பேறி ஆயிட்டாங்க."

நான் அந்த மாதிரி ஒரு மைதானத்துல புல் வெட்டினவன். 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் எங்க கிணறு வறண்டப்போ, வேற வழியில்லாம 14 மாசம் அங்கே மாசச் சம்பளத்துக்குப் போனேன். அதனால இந்தச் சோம்பேறிக் கதைக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

முதல்ல ஒரு வேடிக்கை. வெப்பமான ஊர்கள்ல கோல்ஃப் மைதானத்துக்குப் போடற பெர்முடா புல் வேற எதுவும் இல்லைங்க, நம்ம அருகம்புல் ஜாதிதான். என் காட்டுல வேரோட பிடுங்கினாலும் திரும்ப முளைச்சு உசுரை வாங்கற அதே அருகு. அதை அங்கே தண்ணி விட்டு, உரம் போட்டு வளர்த்து, வளர வளர வெட்டணும்.

வெட்டறதுன்னா சாதாரண வெட்டு இல்லை. குழி இருக்கிற இடத்துக்கு கிரீன்னு பேரு. அங்கே புல் மூணு நாலு மில்லிமீட்டர் உசரத்துக்கு மேல இருக்கக்கூடாது, தினமும் வெட்டணும். ஒரு கிரீன் சுமாரா 500 சதுர மீட்டர். மெஷின் கத்தியோட அகலம் 22 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கிரீனுக்கு கிட்டத்தட்ட 900 மீட்டர் நடக்கணும். 18 கிரீனுக்கு 16 கிலோமீட்டர். ரெண்டு பேர் பிரிச்சுக்கிட்டாலும் ஆளுக்கு 8 கிலோமீட்டர், அதுவும் விடியறதுக்கு முன்னாடி இருட்டுல ஆரம்பிச்சு, ஆட வர்றவங்க வந்து சேர்றதுக்குள்ள. இது கிரீன் மட்டும்தான். பந்து ஓடற ஃபேர்வே, ஓரத்து ரஃப் எல்லாம் சேர்த்தா நூறு ஏக்கராவுக்கு மேல.

முன்னாடி 18 பேர் பார்த்த வேலையாம் அது. நான் போனப்போ 7 பேர் இருந்தோம். ஆள் குறைஞ்சுது, புல் குறையலை. சம்பளமும் ஏறலை. பக்கத்து மில்லுல அதைவிட ரெண்டாயிரம் கூடக் கொடுத்தான், பஸ்ஸும் விட்டான். இளவட்டங்க அங்கே போனாங்க. இதுல சோம்பேறித்தனம் எங்கிருந்து வந்துச்சு?

ஒரு தடவை மூணு நாள் விடாம மழை. ஈரத்துல மெஷின் இறங்காது, இறக்கினா சேறாயிடும். நாலாம் நாள் புல் திமுதிமுன்னு நிக்குது. ஒரே வெட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுத்தா புல் தாங்காது, ரெண்டு மூணு நாள் விட்டு விட்டு இறக்கணும். எங்களோட இருந்த அறுபது வயசுப் பெரியவர் இதைச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு, இன்னிக்கே வழிச்சு எடு"ன்னு உத்தரவு. வழிச்சு எடுத்தார். ரெண்டு நாள்ல எல்லாம் மஞ்சள். பழி அவர் மேல விழுந்துச்சு, ஒரு நாள் சம்பளம் பிடிச்சாங்க. "நல்ல ஆளே கிடைக்கறதில்லை"ன்னு மேலே எழுதி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் அவர் வரலை.

வேலிக்கு இந்தப் பக்கம் என்ன நிலைமை தெரியுங்களா? மாடு வெச்சிருக்கிற பொம்பளைங்க கதிர் அருவாளோட தீவனத்துக்கு அலையறாங்க. அதே வேலிக்குள்ள ரஃப் புல் முழங்கால் உசரம் நிக்குது, வெட்ட ஆள் இல்லைன்னு புலம்பல். மருந்து அடிக்கிற கிரீன் பக்கம் யாரும் போக வேண்டாம். ஓரத்து ரஃப்புக்கு மருந்தை நிறுத்திட்டு, வாரம் ரெண்டு நாள் கதவைத் திறந்துவிட்டா புல்லும் குறையும், மாட்டுக்கும் வயிறு நிறையும். கேட்டேன். "பார்க்க நல்லா இருக்காது"ன்னாங்க.

இந்த விளையாட்டு வளர்ந்த ஸ்காட்லாந்துல, அந்தக் காலத்துல புல்லை மட்டமா வெச்சதே செம்மறி ஆடுங்கதான். புல் வெட்டற மெஷினை எட்வின் பட்டிங்னு ஒருத்தர் இங்கிலாந்துல கண்டுபிடிச்சதே 1830ல. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற அமெரிக்காவோட அகஸ்டா மைதானத்துலயே ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மாடு மேய விட்டாங்க. அது செடிகளைக் கடிச்சு நாசம் பண்ணினதும் உண்மைதான். ஆனா மைதானம் அழிஞ்சு போகலை.

ஆள் பத்தலைன்னா ரெண்டே வழிதான். கூலியை ஏத்து, இல்லைன்னா வெட்டற பரப்பைக் குறை. கிரீனை தினமும் வெட்டு, ஃபேர்வேயை நாள் விட்டு நாள் வெட்டு, மீதியை வளர விடு. ரெண்டும் முடியாது, நூறு ஏக்கராவும் கம்பளம் மாதிரியே வேணும்னு சொன்னா, அந்தக் கம்பளத்தை ஏழு பேர் முதுகுலதான் விரிக்கணும்.

நானும் யோக்கியன்னு சொல்ல வரலை. களை எடுக்க ஆள் வராத நாள்ல, "இந்த ஜனங்களே இப்படித்தான்"னு நானும் திட்டினவன்தான். அந்தப் பெரியவரைப் பார்த்ததுக்கு அப்புறம் அந்தப் பேச்சை விட்டுட்டேன். இந்த வருஷம் வெண்டை பறிக்க ரெண்டு பேர்தான் வர்றாங்க. அதனால ஒரு ஏக்கரா போடற இடத்துல அரை ஏக்கராதான் போட்டிருக்கேன்.

அடுத்த தடவை யாராவது "ஆள் கிடைக்கலை"ன்னு சொன்னா, எத்தனை பேருக்கு எத்தனை ஏக்கரா, என்ன கூலின்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.