கலோரிக் கணக்கும் பொதுக் கிணறும்

உண்ணும் உணவின் கலோரியைக் கணக்கிட்டுச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளில் பெயர் பெற்றது 'மைஃபிட்னஸ்பால்'. அதன் உணவுப் பட்டியலில் பெரும்பகுதி, உபயோகிப்போர் தாமே எழுதிச் சேர்த்தது. அப்படியிருந்தும், பொட்டலத்தின் பார்கோடைக் காட்டி விவரம் அறிய இலவசமாக இருந்த வசதிக்கு 2022-ல் கட்டணம் விதித்துவிட்டார்கள். ஊரார் கூடி வெட்டிய கிணற்றுக்கு ஒருவர் பூட்டுப் போட்ட கதைதான்!

இதற்கு மாற்று உண்டா? உண்டு. பிரான்சில் ஸ்டெஃபான் ஜிகாண்டே என்பவர் 2012-ல் 'ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்ற பொதுப் பட்டியலைத் தொடங்கினார். தொண்டர்கள் அதில் சேர்த்த பொருள்கள் இன்று 30 லட்சத்துக்கும் மேல். கணினி கற்ற எவரும் அதைக் கொண்டு, ஓய்வு நேரத்தில் இலவசச் செயலி ஒன்றை அமைக்கலாம். நிபந்தனை ஒன்றுண்டு: பட்டியலை விரிவாக்கி வெளியிட்டால், அந்த விரிவும் பொதுவுக்கே சேரவேண்டும்.

செயலியை அமைத்தவர் நாளை கைவிடலாம். அப்போதும் பட்டியல் பொதுவில் நிற்கும். வேறொருவர் வந்து தொடரலாம்.