சந்திரனுக்குப் போன எழுத்து

சந்திரனில் ஓர் எவர்சில்வர் தகடு இருக்கிறது. 1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அங்கே இறங்கினார்களே, அந்தக் கலத்தின் காலில் பொருத்தப்பட்ட தகடு அது. மனித குலம் முழுவதன் சார்பில் சமாதானமாக வந்தோம் என்ற செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் செய்தியைத் தாங்கிய எழுத்தின் பெயர் ஃபியூச்சுரா. எதிர்காலம் என்று பொருள். அதை அமைத்தவர் ஜெர்மானியரான பால் ரென்னர். பிராங்பர்ட் நகரின் பாவர் எழுத்து வார்ப்புச்சாலை 1927-ல் அதை வெளியிட்டது.

வட்டமும் கோடும்

அப்போது ஜெர்மனியில் கொக்கியும் முள்ளும் நிறைந்த பழைய எழுத்து செல்வாக்குடன் இருந்தது. ரென்னர் வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவற்றைக் கொண்டே எழுத்துகளை அமைத்தார். 'ஓ' வட்டம் போல இருக்கும். 'ஏ' கூடாரம் போல இருக்கும்.

காம்பஸைச் சுழற்றினால் மட்டும் நல்ல எழுத்து வந்துவிடாது. வளைவும் கோடும் சேரும் இடம் மை அப்பியதுபோலக் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அந்த இடத்தைச் சற்று மெலிய வைத்தார்.

இதே குடும்பத்தில் கொட்டை எழுத்தும் உண்டு. அதில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கோடு பருக்கப் பருக்க, உள்ளே இருக்கும் வெள்ளை இடம் சுருங்கும். அது அடைபட்டால் எந்த எழுத்து என்றே தெரியாது.

1959-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரங்கள் பெயர் பெற்றவை. பக்கம் நிறைய வெள்ளை. ஒரு சின்னக் கார். கீழே ஃபியூச்சுராவின் தடித்த வகையில் ஓரிரு சொற்களில் தலைப்பு. பக்கம் முழுவதும் கொட்டை எழுத்தாக இருந்தால், சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவுவதுபோல் ஆகிவிடும். எவர் குரலும் காதில் விழாது.

கைது

ரென்னர் 1932-ல் நாஜிகளின் கலைக் கொள்கையைக் கண்டித்து ஒரு சிறு நூல் எழுதினார். மறு ஆண்டு ஹிட்லர் பதவிக்கு வந்தார். ரென்னர் கைது செய்யப்பட்டார். பிறகு விடுதலையானார், ஆனால் மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவி பறிபோயிற்று. 1956-ல் அவர் காலமானார். தம் எழுத்து சந்திரனுக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

யாருக்காக எழுத்து?

பழகிய கண் எந்த எழுத்தையும் படித்துவிடும். புதிதாகப் படிக்கக் கற்றவரோ ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார். எழுத்து தெளிவாக இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

மருந்துப் புட்டியில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில். எத்தனை வேளை சாப்பிடுவது என்பது பொடி எழுத்தில். கடன் பத்திரத்தில் தரும் தொகை கொட்டை எழுத்தில். வட்டி பொடி எழுத்தில். இப்படி இருந்தால் அந்த எழுத்து யாருக்கு உழைக்கிறது? விற்பவருக்கு உழைக்கிறது. வாங்குபவருக்கு உழைக்கவில்லை.

எழுத்தைப் பெரிதாக்குவது எளிது. எதைப் பெரிதாக்குவது என்பதில்தான் நாணயம் இருக்கிறது. படிப்பவர் எதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டுமோ, அது கொட்டை எழுத்தில் வரட்டும்!