மக்லிங்கன் மலையும் துரையப்பா மைதானமும்

பேர்ணிலிருந்து பீல் நகருக்கு ரயிலில் அரை மணித்தியாலப் பயணம். அங்கிருந்து கம்பியிழுவை ரயிலில் ஏறினால் மக்லிங்கன். சுவிஸ் அரசின் விளையாட்டுத் திணைக்களம் அந்த மலையில்தான் இருக்கிறது. மகனின் உதைபந்தாட்டக் கழகத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்த பிறகுதான் அந்த இடத்தைப் பற்றி அக்கறையோடு வாசிக்கத் தொடங்கினேன்.

2003 பெப்ரவரியில் அங்கே ஒரு சர்வதேச மாநாடு கூடி, விளையாட்டை அபிவிருத்திக்கான கருவியாக்குவோம் என்று மக்லிங்கன் பிரகடனத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை கல்வி, சுகாதாரம், அபிவிருத்தி, சமாதானம் ஆகியவற்றை வளர்க்கும் வழியாக விளையாட்டை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2005 அதற்குரிய சர்வதேச ஆண்டானது.

இதற்கெல்லாம் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் அடோல்வ் ஓகி. பேர்ண் மாநிலத்தின் கண்டர்ஸ்ரெக் கிராமத்தவர். இரண்டு தடவை சுவிஸ் ஜனாதிபதியாக இருந்தவர். (சக்தி அமைச்சராக இருந்தபோது, மின்சாரத்தை மிச்சம் பிடித்து முட்டை அவிப்பது எப்படி என்று தொலைக்காட்சியில் காட்டியவரும் இவர்தான். சுவிஸ்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.) 2001இல் கோபி அனான் இவரை விளையாட்டுக்கான விசேட ஆலோசகராக நியமித்தார். அந்தப் பதவிக்கென ஜெனீவாவில் இருந்த அலுவலகத்தை 2017இல் ஐ.நா. மூடிவிட்டு, ஒலிம்பிக் குழுவுடன் நேரடியாகக் கூட்டுச் சேர்ந்துகொண்டது. பதக்கமும் ஒளிபரப்பு உரிமையுமாக இயங்கும் அமைப்புக்கு அகதி முகாமின் பந்து எவ்வளவு தூரம் கண்ணில் படும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இந்தப் பிரகடனங்களை வாசிக்கும்போது என் நினைவு யாழ்ப்பாணத்துக்கே போகிறது. துரையப்பா விளையாட்டரங்கு 1975இல் சுட்டுக்கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. 1999இல் புனரமைப்புக்காக அங்கே நிலத்தைக் கிண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2016 ஜூனில், இந்திய நிதியுதவியில் புதுப்பிக்கப்பட்ட அதே மைதானத்தை ஜனாதிபதி சிறிசேனவும், டில்லியிலிருந்து காணொளி மூலம் பிரதமர் மோடியும் திறந்துவைத்தார்கள். நல்லிணக்கம் பற்றிப் பேச்சு நடந்தது. பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அந்த எலும்புகள் யாருடையவை என்ற கேள்விக்குப் பந்து பதில் சொல்லாது என்பதுதான் என் குறை.

2012இல் முரளி கிண்ணம் என்ற பெயரில் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் இளைஞர்களை வடபகுதி மைதானங்களில் கிரிக்கெட் ஆட வைத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் சில நாள் ஆட்டம் முடிந்து பஸ் ஏறியபின் அடுத்த கிழமை அந்தப் பிள்ளைகளை யார் சந்திக்க வைப்பது?

சுவிஸ்காரர் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் விடயம் விளங்கும். 1972இல் தொடங்கிய 'இளையோரும் விளையாட்டும்' திட்டத்தில் பிரகடன வாசகம் ஒன்றும் கிடையாது. பயிற்றுநர் முறையாகப் பயின்று சான்றிதழ் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் வந்த பிள்ளைகளைப் பதிய வேண்டும். அந்த வரவுப் பதிவை வைத்துத்தான் கழகத்துக்கு அரச பணம் வரும். சலிப்பூட்டுகிற வேலை. வெளிநாட்டுத் திட்டங்களுக்கு இந்த வரவுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புவது அபூர்வம், பதாகைதான் முதலில் போகும்.

நாங்கள் மட்டும் என்ன திறமா? கோடையில் எங்கள் சுற்றுப்போட்டிகளுக்கு ஊர்ப் பெயரிலும் கழகப் பெயரிலும் அணிகள் வருகின்றன. கொத்துரொட்டிக் கடையும் வருகிறது. அயலில் இருக்கும் கொசோவோ, எரித்திரியப் பிள்ளைகளின் அணி ஒன்றைக் கூப்பிடுவோமே என்று கேட்டேன். "எங்கட பிள்ளையள் ஒற்றுமையா விளையாடினாலே காணும் தம்பி" என்றார் ஏற்பாட்டாளரான அண்ணர் ஒருவர். அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது, எங்கள் கழகங்களின் சண்டைகளைப் பார்த்தவர் அவர்.

போன புதன்கிழமைப் பயிற்சிக்கு நல்ல மழை. பதினாறு பேரில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள். பதிந்துவிட்டுப் பந்தை எடுத்தேன்.