பழைய வழக்கு உள்ளவர் விமானி ஆகலாமா? எங்கள் நிலைப்பாடு

விமானப் பயிற்சியில் சேர விரும்பும் இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் வழிகாட்டும் அமைப்பு எங்களுடையது. "பையன் மேல் பழைய கேஸ் ஒன்று இருக்கிறது, சேர்க்கலாமா?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கும் அரசுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் சேர்த்து எங்கள் பதிலைப் பொதுவில் வைக்கிறோம்.

பழைய வழக்கு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை விமானி வேலையிலிருந்து விலக்கக் கூடாது. என்ன குற்றம், எந்த வயதில் நடந்தது, நடந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்த்து முடிவெடுக்க எழுத்துப்பூர்வமான விதி வேண்டும். அந்த முடிவு கட்டணம் கட்டும் முன்பே தெரிய வேண்டும். உண்மையை மறைப்பவருக்காக நாங்கள் பரிந்து பேச மாட்டோம்.

இன்றைய நிலை

வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சேர்க்கையின்போது பேசப்படுவது பெரும்பாலும் இவையும் கட்டணமும்தான். போலீஸ் விசாரணை வேறு வழியாக வருகிறது. விமான நிலையத்துக்குள் நுழைவதற்கான அனுமதி அட்டையை மத்திய அரசின் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவான பிசிஏஎஸ் வழங்குகிறது. அதற்கு முன் காவல்துறை நன்னடத்தையைச் சரிபார்க்கும். வேலை தரும் நிறுவனமும் தன் பங்குக்கு விசாரிக்கும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்குத் தேவையான பாஸ்போர்ட்டிலும் சிக்கல் உண்டு. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகக் கடந்த 5 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்கு பாஸ்போர்ட்டை மறுக்க 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வழக்கு நிலுவையில் இருந்தால், 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நீதிமன்ற அனுமதி பெற்று விண்ணப்பிக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் சொல்லாவிட்டால் ஓராண்டுக்குத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும்.

வெளிநாட்டில் பயிற்சி முடித்துத் திரும்புபவருக்கு அனுமதி அட்டைக்கான சரிபார்ப்பு கடைசியில்தான் வருகிறது. வீட்டை அடமானம் வைத்து, கல்விக் கடன் வாங்கி, பல லட்சம் செலவழித்த பிறகு "உங்கள் மேல் ஒரு எஃப்ஐஆர் இருக்கிறதே" என்று கேட்டால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

எங்கள் நிலைப்பாடுகள்

1. சில குற்றங்களுக்கு விலக்கு இல்லை. விமானக் கடத்தல், விமானப் பாதுகாப்புக்கு எதிரான செயல், பயங்கரவாதம், வெடிபொருள், கொலை, பாலியல் வன்முறை, போதைப்பொருள் கடத்தல் ஆகியவற்றில் தண்டனை பெற்றவரை விமானி அறையில் அமர்த்தக் கூடாது. ஏ320 விமானத்தில் சுமார் 180 பேர் விமானியை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு பேரம் பேச முடியாது.

2. எஃப்ஐஆர் வேறு, தண்டனை வேறு. வழக்குப் பதிவானதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சட்டப்படி சமரசத்தில் முடிந்த வழக்கு, விடுதலை ஆனதற்குச் சமம். தமிழ்நாட்டில் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி இளைஞர்கள் மேல் வழக்குகள் பதிவாயின. அவற்றில் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021இல் மாநில அரசே அறிவித்தது. அப்படிப்பட்ட வழக்கை வைத்து ஒருவரின் குணத்தை எடைபோடுவது நியாயமாகாது.

3. சிறார் வழக்கை இழுக்கக் கூடாது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறுவயதுக் குற்றத்தால் பின்னாளில் தகுதியிழப்பு வரக் கூடாது என்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட 16 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கப்பட்டவர்களுக்கும் 12ஆம் பிரிவு இதே போன்ற பாதுகாப்பைத் தருகிறது. சரிபார்க்கும் அதிகாரிகள் இந்தப் பிரிவுகளை மதிக்க வேண்டும்.

4. பட்டியலும் கால வரம்பும் வேண்டும். அமெரிக்காவில் விமான நிலையத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் துணையின்றிச் செல்லும் அனுமதியைத் தடுக்கும் குற்றங்கள் எவை என்று விதியிலேயே பட்டியல் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 10 ஆண்டுகளில் பெற்ற தண்டனையைத்தான் அந்த விதி பார்க்கிறது. கொலை, தீவைப்பு ஆகியவற்றோடு விமானச் சான்றிதழ் மோசடியும் அதில் உண்டு. இங்கே விண்ணப்பதாரர் தன் வழக்கை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு தெளிவான பட்டியல் வெளியாக வேண்டும்.

5. தொழிலோடு தொடர்புள்ள குற்றத்தைக் கடுமையாகப் பார்க்க வேண்டும். போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்றதாக 2011இல் இங்கே சில விமானிகள் கைதானார்கள். பறக்காத மணி நேரத்தைப் பதிவேட்டில் எழுதும் கை, ஆபத்தான கை. 19 வயதில் கல்லூரி வாசலில் நடந்த கைகலப்பை விட ஆவண மோசடிதான் விமானி வேலைக்குப் பெரிய இடைஞ்சல் என்பது எங்கள் கருத்து.

6. குடி தொடர்பான வழக்குக்கு மருத்துவ மதிப்பீடும் கண்காணிப்பும் வேண்டும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது கூடாது என்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. சோதனையில் முதல்முறை சிக்கினால் 3 மாதம், இரண்டாம் முறை 3 ஆண்டு உரிமம் நிறுத்தப்படும். மூன்றாம் முறை ரத்தாகும். இந்தக் கண்டிப்பை ஆதரிக்கிறோம். ஆனால் மீண்டு வர வழியே இல்லை என்பதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் லைல் ப்ரவுஸ் என்ற நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி, போதையில் விமானம் ஓட்டியதற்காக 1990இல் கைதாகிச் சிறை சென்றார். குடியை விட்டு, உரிமங்களை மறுபடி பெற்று, அதே நிறுவனத்துக்குத் திரும்பி, போயிங் 747 கேப்டனாக ஓய்வு பெற்றார். 2001இல் அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

7. மறைப்பது கூடவே கூடாது. பணிச் சரிபார்ப்புப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைது உண்டா, வழக்கு உண்டா, அபராதம் உண்டா, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா என்று ஒன்றுவிடாமல் கேட்கும். "அதுதான் ராஜியாகிவிட்டதே" என்று நினைத்து "இல்லை" என எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால் பணி தருபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. உண்மையைச் சொன்னாலும் வேலை தந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. விண்ணப்பதாரர்களுக்கு இதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

டிஜிசிஏவும் பிசிஏஎஸ்ஸும் சேர்ந்து, பயிற்சிக்கு முன்பே கருத்துக் கேட்கும் வசதியை உருவாக்க வேண்டும். வழக்கு விவரத்தைக் கொடுத்தால், அனுமதி அட்டை கிடைக்க வாய்ப்பு உண்டா இல்லையா என்று குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கு இடம் வேண்டும். பயிற்சிப் பள்ளிகள் முதல் தவணையை வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்காமல் சேர்த்து, பின்னர் சிக்கல் வந்தால் பயன்படுத்தாத கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

விண்ணப்பிக்க இருப்பவர்கள் எங்களிடம் வரும் முன் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். எஃப்ஐஆர், தீர்ப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையவழியில் தரும் சரிபார்ப்பு அறிக்கைக்கு விண்ணப்பித்து, உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அதை முடிக்க என்ன வழி என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பயிற்சிக் கட்டணத்தை அதன் பிறகு கட்டலாம்.