பத்தொன்பதில் ஓர் இழை

பிரயாணம் செய்வதைக் காட்டிலும் பிரயாணத்துக்குக் கிளம்புவதுதான் கஷ்டம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. காசிக்குப் போவதாகச் சங்கல்பம் செய்துகொண்டு, இருபது வருஷமாக மூட்டை கட்டிக் கொண்டே இருந்தவர்களை நமக்குத் தெரியும், நேயர்களுக்கும் தெரிந்திருக்கும். இந்த வியாதி நம் தேசத்துக்கே உரியது என்று வெகு நாள் எண்ணியிருந்தோம். சென்ற வருஷம் மாசி மாதத்தில், மெக்ஸிகோ தேசத்து லா பாஸ் துறைமுகத்தில் சில நாள் தங்க நேர்ந்தபோது அந்த எண்ணத்தைக் கைவிட்டோம்.

மெக்ஸிகோவின் மேற்கோரத்தில், பஸிபிக் மகா சமுத்திரத்துக்கும் கலிபோர்னியா வளைகுடாவுக்கும் நடுவே, நீண்டதொரு பாலைவனத் தீபகற்பம் தெற்கு நோக்கி இறங்குகிறது. அதன் உள்பக்கத்துக் கரையில், ஒரு குடாவுக்குள் ஒதுங்கி அமர்ந்திருக்கிறது லா பாஸ். ஸ்பானிஷ் பாஷையில் அந்தப் பெயருக்குச் 'சமாதானம்' என்று பொருள். 1535-ம் வருஷம் மே மாதத்தில் ஹெர்னான் கோர்டெஸ் இங்கே வந்து இறங்கிக் குடியேற்றம் ஒன்றை ஏற்படுத்தினான். போதிய ஆகாரம் கிடைக்காமல் அது கலைந்து போயிற்று. 1596-ல் வந்த செபாஸ்தியன் விஸ்கைனோ வைத்த பெயர்தான் நிலைத்தது. பிற்காலத்தில் முத்துக் குளிப்பால் ஊர் கீர்த்தி பெற்றது. ஜான் ஸ்டைன்பெக் 1947-ல் வெளியிட்ட 'முத்து' என்ற கதை இந்த ஊரில்தான் நடக்கிறது. இப்போது முத்தும் இல்லை, முத்துக் குளிப்பும் இல்லை. குடா முழுவதும் பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன.

இந்தப் படகுகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கானடா தேசத்துத் தம்பதிகள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, படகையே வீடாக்கிக் கொண்டவர்கள். இங்கிருந்து தென்மேற்கே மார்க்கேஸாஸ் தீவுகளுக்குப் போவது அவர்களில் பலருடைய நோக்கம். தூரம் ஏறக்குறைய 2,800 கடல் மைல். நாளொன்றுக்கு 120 மைல் ஓடினாலும் இருபத்து மூன்று நாளுக்கு மேல் ஆகும். நடுவில் கரை என்பதே கண்ணில் படாது. ஆகையால் அவர்கள் லா பாஸில் தங்கிப் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பிகளையும் சுரண்டி, வர்ணம் பூசி, பாய்களைத் தைத்து, தானியமும் தண்ணீரும் நிரப்பிக் கொள்கிறார்கள்.

நங்கூரமிட்ட படகுகள் எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து நிற்கும் என்பது நம் எண்ணம். லா பாஸில் அப்படியல்ல. நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, காற்று மறு பக்கம் தள்ள, ஒவ்வொன்றும் தன் மனம் போனபடி சுற்றுகிறது. அடுத்தடுத்த இரண்டு படகுகள் நெருங்கி வந்து, முட்டிக் கொள்ளுமோ என்று நாம் மூச்சைப் பிடிக்கும் சமயத்தில் விலகிப் போகின்றன. அங்குள்ளவர்கள் இதை நடனம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். படகுகளில் பல, இரட்டை உடல் கொண்டவை. அவற்றை இங்கிலீஷில் 'காடமரான்' என்கிறார்கள். அது நம்முடைய 'கட்டுமரம்' என்று நாம் சொன்னபோது, அங்கே பலர் நம்பவில்லை. அகராதியைப் பார்க்கும்படி பணிவுடன் சொல்லி வைத்தோம்.

கடைவீதியிலும் நமக்கு அந்நிய உணர்ச்சி உண்டாகவில்லை. மிளகாயும் தக்காளியும் மெக்ஸிகோ நமக்கு அளித்த சீதனம் அல்லவா? அதற்குப் பதிலாகப் புளி அந்தத் தேசத்துக்குப் போயிருக்கிறது. புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குளிரக் குளிர விற்கிறார்கள். அந்தப் பானகத்தைக் குடித்துக் கொண்டிருந்தபோதுதான் நாம் சொல்லப் போகும் தம்பதிகளின் பரிச்சயம் ஏற்பட்டது.

அவர்கள் கானடா தேசத்தவர். கணவர் யந்திரத் தொழிலாளியாக இருந்தவர், வயது அறுபத்தெட்டு. மனைவி பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்தவர். படகு முப்பத்தாறு அடி நீளம், நாற்பது வருஷப் பழசு. அந்த அம்மாள் சந்தையில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டிருந்தார். குளிர்ப்பெட்டியில் ஒரு நாளும் வைக்கப்படாத முட்டைதான் வேண்டுமாம். அவற்றை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை புரட்டி வைத்தால் வெகு நாள் கெடாது என்று நமக்கு விளக்கினார். பங்குனியில் புறப்படப் போவதாகவும், முட்டை எத்தனை நாள் தாங்கும் என்று இப்போதே பரீட்சை பார்ப்பதாகவும் சொன்னார்.

பங்குனி, சித்திரை என்று மாதத்தைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. தெற்குப் பஸிபிக்கில் புயற்காலம் ஏப்ரலோடு ஓய்கிறது. மெக்ஸிகோவின் பக்கத்தில் மே 15-ந் தேதி தொடங்கி நவம்பர் 30 வரையில் புயற்காலம். இரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய வாசல் வழியாக நுழைந்துவிட வேண்டும். தவறினால் அடுத்த வருஷந்தான். இங்கே சும்மா தங்கிவிடலாமே என்றால் அதுவும் அபாயம். 2014-ம் வருஷம் செப்டம்பரில் வந்த 'ஒடீல்' என்ற புயலில் லா பாஸ் குடாவில் பல படகுகள் நாசமாயின. படகில் இருந்தவர் சிலர் உயிரிழந்தனர்.

அவர்களுடைய படகுக்கு அடுத்தாற்போல ஒரு படகு நின்றது. அதன் சொந்தக்காரர் இரண்டு வாரத்தில் ரிப்பேர் முடித்துக்கொண்டு போவதாக வந்தவர். வந்து பதினோரு வருஷம் ஆயிற்று. அந்நியப் படகுகளுக்கு மெக்ஸிகோ சர்க்கார் பத்து வருஷம் செல்லும் அநுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. அவர் இரண்டாவது சீட்டும் வாங்கிவிட்டார். மேல்தட்டில் துளசி போன்ற ஒரு செடி தொட்டியில் தளதளவென்று வளர்ந்திருந்தது. "இன்னும் ஒரு சில்லறை வேலை பாக்கி," என்று நம்மிடமும் சொன்னார். நல்ல மனிதர், சந்தோஷமாகவே இருந்தார். ஆனால் நம் கானடாக் கணவருக்கு அந்தச் செடியைக் காணும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

நாம் அங்கிருந்த ஆறாம் நாள், பாய்மரத்தின் உச்சியைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. எடை குறைந்தவர் மனைவியாதலால், அவர் ஒரு பலகையில் உட்கார்ந்துகொள்ள, கணவர் கயிற்றை இழுத்து மேலே ஏற்றினார். ஐம்பது அடி உயரத்தில் அந்த அம்மாள் பூதக்கண்ணாடியும் கையுமாக வெகு நேரம் அசையாமல் இருந்தார். இறங்கி வந்ததும் ஒரே வாக்கியம் சொன்னார்: "ஓர் இழை அறுந்திருக்கிறது."

பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துவது நாலா பக்கமும் கட்டிய எஃகுக் கம்பிவடங்கள். ஒவ்வொரு வடமும் பத்தொன்பது இழைகளை முறுக்கிச் செய்தது. அந்தப் படகில் எட்டு வடங்கள். அவற்றில் ஒன்றில், முனைப்பூட்டுக்குள் நுழையும் இடத்தில், ஓர் இழை விட்டுப் போயிருந்தது.

கணவர் சொன்ன நியாயம் இது: பதினெட்டு இழை பாக்கி இருக்கிறது. அந்த ஒரு வடத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பலாம். மனைவி சொன்ன நியாயம் இது: எட்டு வடங்களும் ஒரே நாளில் போட்டவை, ஒரே உப்புக் காற்றைக் குடித்தவை. ஒன்று விட்டால் மற்றவை எத்தனை நாள்? எட்டையும் மாற்ற வேண்டும். அதற்குச் சாமான்கள் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். பணம் அவர்களுடைய ஒரு வருஷச் செலவில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த வருஷத்துப் பருவம் போய்விடும்.

புறப்படும் சமயத்தில் பெண்பிள்ளை தடை சொன்னால் அபசகுனம் என்று முகத்தைச் சுளிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கணவர் முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அடுத்த படகின் செடியைக் காட்டி, "எனக்கு அறுபத்தெட்டு. அடுத்த வருஷம் வேறொன்று அறுந்திருக்கும். அதற்கடுத்த வருஷம் என் முழங்கால் அறுந்திருக்கும். நாமும் செடி வைத்துவிடுவோம்," என்றார். அது வீம்புப் பேச்சல்ல. அவர் கண்ணில் நீர் ததும்பியதைப் பார்த்தோம்.

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் சொன்னதிலும் இல்லை. நாளை நாளை என்று நாளைக் கடத்துவதற்கு ஜாக்கிரதை என்று பெயர் சூட்டிக் கொள்கிறவர்கள் உண்டு. அஜாக்கிரதைக்குத் தைரியம் என்று பெயர் சூட்டிக் கொள்கிறவர்களும் உண்டு. எது எது என்று சமயத்தில் தெரிந்துகொள்வது எப்படி?

அந்த உபாத்தியாயினி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரு காகிதம் எடுத்து, எந்த எந்தப் பழுது இருந்தால் கிளம்பக் கூடாது என்று எழுதினார். பாய்மரம், சுக்கான், படகின் அடிப்பாகம், தண்ணீர், உடம்பு ஆகிய ஐந்தே விஷயங்கள். மற்ற எந்தக் குறை இருந்தாலும், அடுத்த வருஷம் மார்ச்சு 20-ந் தேதி புறப்பட்டே தீர்வது என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டார். காகிதத்தைக் கணவரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தாமும் கையெழுத்திட்டார். பரீட்சைக்கு வாங்கிய முட்டைகளை அன்று மாலையே பக்கத்துப் படகுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கோடையில் வளைகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள குவாய்மாஸ் துறைமுகத்தில் படகைக் கரையேற்றி வைத்தார்கள் என்று கடிதம் வந்தது. பழைய வடங்களைக் கழற்றி முனைப்பூட்டுகளை அறுத்துப் பார்த்தபோது, வெளியே பளபளவென்று இருந்த இன்னும் இரண்டு வடங்கள் உள்ளே துருவேறி இருந்தனவாம். இதை எழுதியவர் கணவர்தான். 'அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை' என்று முடித்திருந்தார்.

இந்த வருஷம் மார்ச்சு 20-ந் தேதி புறப்பட்டுவிட்டார்கள். சமையல் அடுப்பில் ஒரு பக்கம் எரியவில்லை. காற்றின் வேகத்தைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. இரண்டும் காகிதத்தில் இல்லாத விஷயங்களாகையால் தடையில்லை. தினம் ஒரு வரி, ஆகாயத்தில் சுற்றும் துணைக்கோள் மூலமாக நமக்கும் வந்து சேர்கிறது.

இதை எழுதும் இன்று பதினோராம் நாள். 'வட அட்சம் 9 பாகை. காற்று மந்தம். பாய்மரம் நேராக நிற்கிறது. முட்டை 76 பாக்கி' என்று செய்தி வந்திருக்கிறது. கொண்டு போனது பத்து டஜன். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு வீதம் கணக்கும் சரியாகவே இருக்கிறது. இனிமேல்தான் பூமத்திய ரேகையின் அருகே காற்றடிக்காத பிராந்தியத்தைத் தாண்ட வேண்டும். அதற்கப்பால் பாதி வழி கிடக்கிறது.

கரை சேர்ந்த செய்தி கிடைத்ததும் நேயர்களுக்குத் தெரிவிப்போம்.